ஓடுபாதையில் ஒண்டுக் குடித்தனம்

சேலத்தில் ஜவ்வரிசி வியாபாரம் பார்க்கிறவனுக்குப் புனே தெரியாமல் இருக்க முடியாது. குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, உருட்டி, வறுத்து, களத்தில் காயப்போட்டு மூட்டை பிடிக்கிறோமே, அதை நம் ஊரில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் விட்டால் யார் தொடுகிறார்கள்? தின்று தீர்க்கிறவர்கள் மராட்டியர்கள்தான். ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி என்று விரதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு சாபுதானா கிச்சடி. பெயர்தான் விரதம், நெய்யும் வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் போட்டு அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் நமக்கு இப்படியொரு விரதம் வாய்க்கவில்லையே என்று இருக்கும். அது கிடக்கட்டும். சரக்கு லாரியில் போய்விடும், பணம் வசூலிக்க மட்டும் ஆள் நேரில் போக வேண்டும். அப்படித்தான் இருபது வருடத்துக்கு மேலாக, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, புனே லோகேகாவ் விமான நிலையத்தில் போய் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

2004-ல் முதல் தடவை இறங்கியபோது எனக்கு ஒரு விவரமும் தெரியாது. சக்கரம் தரையைத் தொட்டு விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்தால் புல் முளைத்த மண் மேடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்பக்கம் பெரிய இரும்புக் கதவு. நல்ல கெட்டியான குடோனாகக் கட்டியிருக்கிறான், மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது, மூட்டையில் ஈரம் ஏறாது என்றுதான் என் புத்தி போனது. கதவு திறந்திருந்த ஒரு குடோனுக்குள்ளிருந்து கூரான மூக்கு ஒன்று எட்டிப்பார்த்த பிறகுதான் சுதாரித்தேன். அதற்குள் ஒலிபெருக்கியில், இது பாதுகாப்புத் துறையின் விமான தளம், யாரும் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரர் இதையெல்லாம் காதிலேயே வாங்காமல் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். புனேக்காரராக இருக்கும்.

ஊர் திரும்பியதும் மாமாவிடம் கேட்டேன். அம்மாவின் தம்பி. 1974-ல், 18 வயதில் விமானப் படையில் சேர்ந்து, 25 வருடம் கழித்து ஜூனியர் வாரன்ட் ஆபீசராக வெளியே வந்தவர். விமானப் படை என்று சொன்னாலே நம் ஜனங்கள் "பைலட்டா?" என்று கேட்பார்கள். மாமா சலிக்காமல், "இல்லீங்க, பைலட்டு உசுரோட எறங்குறதுக்கு ஏற்பாடு பண்றவன்" என்பார். அவருக்கு பாராசூட் மடிக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு சேலத்தில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்த்தார், ஒத்துவரவில்லை, அத்தையின் ஊரான நாகலூருக்கே போய்விட்டார். ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே. இரண்டு ஏக்கர் காப்பி, நிழல் மரங்களில் மிளகுக் கொடி, ஒரு நாய். இன்றைக்கும் அவர் மடித்து வைக்கிற போர்வையை யாரும் கலைக்கத் துணிவதில்லை.

நான் குடோன் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சொன்னார்:

"அது உங்க ஏர்போர்ட்டு இல்ல மாப்ள. எங்களுது. நீங்க அதுல ஒண்டுக் குடித்தனம்."

மாமாவுக்கு ஒண்டுக் குடித்தனம் நன்றாகவே தெரியும். குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் புனேயில் விஷ்ராந்த்வாடிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இருந்தார்கள். கீழே வீட்டுக்காரர். காலை ஆறிலிருந்து ஏழு வரைக்கும்தான் தண்ணீர் மோட்டார் ஓடும், அதற்குள் குடம், பக்கெட், அண்டா எல்லாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரருக்கு விசேஷம் என்றால் மாடிப்படியில் செருப்பு மலையாகக் குவிந்து இவர்கள் இறங்கவே முடியாது. ஆனால் அத்தை ஒருநாள் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, மாமா டியூட்டியில் இருக்க, ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த வீட்டுக்காரர்தான். அத்தை இன்றைக்கும் மோட்டாரைப் பற்றியும் பேசுவார், ஸ்கூட்டரைப் பற்றியும் பேசுவார்.

புனேயிலும் கணக்கு அதேதான். ஓடுபாதை, சுற்றியுள்ள நிலம், டவர், டவரில் உட்கார்ந்து இப்போது நீ இறங்கலாம், நீ கொஞ்சம் பொறு என்று சொல்கிற ஆள், எல்லாம் விமானப் படை. நாம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிற கட்டடமும், அதற்கு முன்னால் பயணிகள் விமானம் நிற்கிற காங்கிரீட் தளமும் மட்டும் விமான நிலைய ஆணையத்தினுடையவை. இந்தத் துண்டுக்கு சிவில் என்கிளேவ் என்று பெயர். சண்டிகர், ஸ்ரீநகர், ஜம்மு, லே, ஜோத்பூர், பாக்டோக்ரா எல்லாம் இப்படி விமானப் படை வீட்டில் குடியிருப்பவைதான். கோவா டபோலிமிலும் விசாகப்பட்டினத்திலும் வீட்டுக்காரர் கடற்படை. ஐ.என்.எஸ். ஹன்சா, ஐ.என்.எஸ். தேகா. தரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பலுக்கு வைக்கிற மாதிரிதான் பெயர் வைப்பார்கள், நான் ரொம்ப நாள் ஹன்சா என்பது துறைமுகத்தில் நிற்கிற ஒரு கப்பல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இப்படி ஆனது என்றால், பாதிக் கதை இரண்டாம் உலகப் போர். லோகேகாவ் 1939-ல் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட தளம். நம் பக்கம் சூலூர், தஞ்சாவூர், அரக்கோணம் எல்லாமே அந்தப் போர்க் காலத்து ஓடுபாதைகள்தான். வெள்ளைக்காரன் போன பிறகு அவை ராணுவத்தின் கையில் தங்கிவிட்டன, பயணிகள் விமானம் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தபோது புதிதாக நிலம் தேடுவதைவிட இருக்கிற ஓடுபாதையில் ஒரு மூலை கேட்பது சுலபமாக இருந்தது. டபோலிம் மட்டும் வேறு கதை. அது போர்த்துகீசியர் 1950-களில் போட்டது. 1961 டிசம்பரில் கோவாவை மீட்கப் போனபோது நம் கான்பெரா விமானங்களே அந்த ஓடுபாதையில் குண்டு போட்டன, அடுத்த வருடம் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. குண்டு போட்டுப் பள்ளமாக்கிய பாதையை நாமே நிரவி நாமே குடியேறிய கணக்கு.

சரி, ஒரே ஓடுபாதையில் இரண்டு குடும்பம் எப்படிப் புழங்குகிறது? இதில்தான் எனக்கு ருசி அதிகம், மாமாவுக்கும்தான். ஃபைட்டர் விமானம் நம் பயணிகள் விமானம் மாதிரி ஒற்றையாகப் போய் ஒற்றையாக வராது. பெரும்பாலும் ஜோடியாக, இல்லாவிட்டால் நாலாகக் கிளம்பும், ஒரு மணி நேரம் சுற்றிப் பயிற்சி செய்துவிட்டு எல்லாம் சேர்ந்தாற்போல் திரும்பி வரும். வரும்போது டாங்க்கில் அதிகம் மிச்சம் இருக்காது. பயணிகள் விமானம் வேறு ஊருக்குப் போய் இறங்குகிற அளவுக்கு எரிபொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரும். ஆக, டவரில் இருக்கிறவர் யாரை முதலில் இறங்கச் சொல்வார், யாரை வட்டம் போடச் சொல்வார் என்பது ஒன்றும் புரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் மேலே சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கிற 180 பேருக்குத்தான் அது புரியாது.

சுகோய் ஃபைட்டர் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடும். பிரேக்கை மட்டும் நம்பினால் டயர் கருகிவிடும், அதனால் வாலிலிருந்து ஒரு பாராசூட் வெடித்து விரிந்து பின்னாலிருந்து இழுக்கும். வேகம் குறைந்ததும் பைலட் அதைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். கீழே கிடக்கிற அந்தத் துணிச் சுருளைப் பொறுக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வருவதற்கு ஆள் உண்டு, அது வந்து சேருகிற இடம் மாமாவின் மேஜை. நூல் பிரிந்திருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, கயிறு முறுக்கியிருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஈரம் இருந்தால் காயவைத்து, மறுபடி மடித்துப் பைக்குள் திணிக்க வேண்டும். மழைக் காலம் என்றால் சேலத்து ஆலைக்காரன் பாடுதான், காயாது. "நீ ஜவ்வரிசி காயலேன்னு பொலம்புற, அது பூசணம் பிடிச்சா நட்டம். இது காயலேன்னா?" என்று நிறுத்திவிடுவார்.

1997-ல் முதல் சுகோய்கள் ரஷ்யாவிலிருந்து லோகேகாவுக்குத்தான் வந்தன. மாமா அப்போது அங்கே இருந்தார். அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். ஆனால் மனசு என்னவோ அதற்குப் பத்து வருடம் முன்னால் வந்த மிக்-29 மேல்தான். அது தரையில் ஓடும்போது இன்ஜினுக்குக் காற்று போகிற வாயை மூடிக்கொள்ளும், மேல்பக்கம் இருக்கிற இடுக்குகள் வழியாக மூச்சு விடும். கல்லோ ஆணியோ உறிஞ்சிவிடாமல் இருக்க. "வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடறது மனுசனுக்கே வராது" என்பார். ஒரு ஆணி இன்ஜினுக்குள் போனால் கோடிக் கணக்கில் போய்விடும், அதனால் ஓடுபாதையைப் பெருக்குவதும் நடந்து பார்ப்பதும் அங்கே பூஜை மாதிரி. நாம் விமானத்துக்குள் உட்கார்ந்து ஏன் இன்னும் கிளப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறான் என்று கடிகாரத்தைப் பார்க்கிற பத்து நிமிடத்தில் வெளியே எங்காவது ஒரு ஜீப் மெதுவாக ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கலாம்.

இப்படிச் சொல்வதால் எனக்குக் கோபமே வந்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை, எந்த ஊர் எந்த விமானம் என்று எழுதப்போவதில்லை, மேலே முக்கால் மணி நேரம் வட்டமடித்தோம். கீழே ஒரு ஃபைட்டருக்கு டயர் வெடித்து நடு ஓடுபாதையில் நின்றுவிட்டதாம். ஒரே ஓடுபாதை உள்ள ஊரில் ஒரு விமானம் நின்றால் ஊரே நின்ற மாதிரி. கடைசியில் வேறு ஊருக்குத் திருப்பி, அங்கே கதவைத் திறக்காமல் மூன்று மணி நேரம், ஆளுக்கு ஒரு சமோசா. நான் பார்க்க வேண்டிய பார்ட்டி அதற்குள் நாசிக்குக் கிளம்பிவிட்டார், அவரிடமிருந்து வர வேண்டிய பணம் அப்புறம் நாலு மாதம் இழுத்தது. ஆற்றாமையில் மாமாவுக்கு போன் போட்டுக் கொட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த டயரு மாப்ள, முன்னதா பின்னதா?" என்றார்.

2020 அக்டோபரிலிருந்து சுமார் ஒரு வருடம் புனே ஓடுபாதையை ராத்திரி 8 மணிக்கு மூடினால் காலை 8 மணிக்குத்தான் திறந்தார்கள். புதிதாகத் தளம் போட வேண்டிய வேலை. அந்த வேலையின் கடைசிக் கட்டமாக 2021 அக்டோபர் 16-லிருந்து 29 வரை இரவு பகல் எதுவும் கிடையாது, முழு மூடல். தீபாவளிக்கு முன்னால் வசூல் பண்ணுகிற நேரம் பாருங்கள். மும்பையில் இறங்கி சிவ்னேரி பஸ் பிடித்து காட் ரோட்டில் ஏறிப் போனேன். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆரம்பித்தால் நாம் திண்ணையில்தான் படுக்க வேண்டும். கோவாவில் பல வருடமாக, வார நாட்களில் காலை எட்டரையிலிருந்து மதியம் வரைக்கும் கடற்படைப் பயிற்சி நேரம், பயணிகள் விமானத்துக்கு அனுமதி இல்லை. அதே ஓடுபாதையில் 2019 ஜூனில் ஒரு மிக்-29கே கிளம்பும்போது கூடுதல் பெட்ரோல் டாங்க் கழன்று விழுந்து தீப்பிடித்து, விமான நிலையத்தையே கொஞ்ச நேரம் மூடினார்கள். 2023 ஜனவரியில் மோபாவில் புது விமான நிலையம் இயங்க ஆரம்பித்த பிறகுதான் கோவாவுக்கு இரண்டாவது வாசல் கிடைத்தது. புனேக்கு அந்த வாசல் புரந்தரில் வரும் என்று வருடக் கணக்கில் பேச்சு.

தரையில் மட்டுமா, வானத்திலும் இதே ஏற்பாடுதான். இந்திய வான்பரப்பில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது என்று 2020 மே மாதம் நிர்மலா சீதாராமனே அறிவிப்பில் சொன்னார். மிச்சத்தைக் கொஞ்சம் திறந்துவிட்டால் வருடத்துக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் சொன்னார். நாம் நேர்கோட்டில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பல விமானங்கள் உண்மையில் வேலி ஓரமாகச் சுற்றித்தான் போகின்றன.

இதெல்லாம் இருந்தாலும், கூட்டுக் குடித்தனத்தால் சேலத்துக்காரனுக்கு ஒரு பெரிய சுகம் இருந்தது, அதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. பெங்களூர் பழைய விமான நிலையம். விமானம் செய்கிற எச்.ஏ.எல். கம்பெனி வளாகத்து ஓடுபாதை, கம்பெனியின் சோதனை விமானங்கள், விமானப் படையின் சோதனைப் பிரிவு, பயணிகள் விமானங்கள் எல்லாம் ஒன்றாகப் புழங்கிய இடம். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பதினொரு மணிக்கு ஏறினால் விடிகாலை நாலரைக்கு சில்க் போர்டில் இறக்கிவிடுவான், அங்கிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம், ஆறரை மணி விமானத்துக்கு நிம்மதியாகக் காப்பி குடித்துவிட்டுப் போகலாம். காத்திருக்கிற நேரத்தில் துருவ் ஹெலிகாப்டர் ஒன்று புல்லுக்கு மேலே ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், ஏதோ யோசிக்கிற மாதிரி. 2008 மே 24-ம் தேதி நள்ளிரவோடு அது போச்சு. புது விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு அந்தப் பக்கம். ஓசூர் ரோட்டில் நுழைகிற நமக்கு முழு பெங்களூரையும் கடந்தால்தான் வாசலே வரும். ரொம்பப் பளபளப்பான விமான நிலையம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி வருகிற நேரமும் பெங்களூருக்குள் நுழைந்து வெளியேறுகிற நேரமும் ஒன்று என்றால் என்ன செய்வது?

அந்தப் பழைய ஓடுபாதையில்தான் 2001 ஜனவரி 4-ம் தேதி நம் நாட்டிலேயே செய்த ஃபைட்டர் தேஜஸ் முதல் தடவையாகப் பறந்தது. ஓட்டியவர் ராஜீவ் கோத்தியால். இப்போது தேஜஸ் நமக்குப் பக்கத்து ஊர்க்காரன். 45-ம் எண் படைப்பிரிவு 2018-ல் சூலூருக்கு வந்தது, 2020 மே மாதம் 18-ம் எண் படைப்பிரிவும் அங்கேயே தேஜஸோடு ஆரம்பித்தது. சூலூரில் பயணிகள் விமானம் கிடையாது, அது தனி வீடு. கோயம்புத்தூர் பீளமேடு பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு அவசியமும் வரவில்லை.

தனி வீடு என்றதும் நம் ஊர்க் கதைக்கு வர வேண்டும். சேலத்துக்கு வீட்டுக்காரர் தொந்தரவே இல்லாத சொந்த வீடு இருக்கிறது. ஓமலூர் தாண்டி காமலாபுரத்தில். 1993-ல் திறந்தார்கள், 1,806 மீட்டர் ஓடுபாதை, எந்தப் படையும் கிடையாது, யாரும் மோட்டாரை நிறுத்தமாட்டார்கள். என்ன பிரயோஜனம், குடியிருக்கத்தான் ஆள் இல்லை. விமானம் வரும், கொஞ்ச நாள் ஓடும், நின்றுவிடும், பல வருடம் பூட்டிக் கிடக்கும். மறுபடி 2018 மார்ச் 25-ம் தேதி சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற உடான் திட்டத்தில் ட்ரூஜெட் கம்பெனி சென்னைக்கு ஆரம்பித்தது, கொரோனாக் காலத்தோடு அதுவும் தேய்ந்து நின்றது. 2023 அக்டோபரில் திரும்பவும் பெங்களூர், கொச்சி, சென்னை, ஹைதராபாத் என்று ஆரம்பமானது. எல்லாம் ஏடிஆர், காற்றாடி வைத்த சின்ன விமானம். பெரிய விமானம் இறங்க ஓடுபாதை நீளம் போதாது. நீட்டலாம் என்று 2018-ல் சுமார் 570 ஏக்கர் கேட்டபோது காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் குறுக்கே நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நான் வாங்குகிற கிழங்கு அப்படிப்பட்ட காட்டிலிருந்துதான் வருகிறது.

இந்த லட்சணத்தில் எங்கள் கடைத்தெருவில் ஒரு பேச்சு அடிக்கடி ஓடும். பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019-ல் தொடங்கிவைத்தார்களே, சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், திருச்சியோடு சேலமும் அதில் இருக்கிறதே, காமலாபுரத்தில் விமானப் படையும் வந்து உட்கார்ந்துவிட்டால் ஓடுபாதை தானாக நீளும், நமக்கும் பெரிய விமானம் வரும் என்று. எனக்கும் அந்த ஆசை உண்டு. பீதர், தர்பங்கா, டெல்லி பக்கத்து ஹிண்டன் எல்லாம் உடான் வந்தபோது சட்டென்று விமானம் பார்த்ததற்குக் காரணம் விமானப் படை ஏற்கெனவே போட்டு வைத்திருந்த நீளமான ஓடுபாதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் தண்ணீரில் நின்றபோது அரக்கோணம் ராஜாளியில் பயணிகள் விமானங்கள் இறங்கினவே, மறந்துபோகுமா? 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கடற்படை ஓடுபாதை. சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது அரக்கோணத்தை நாம் வடைக்கும் டீக்கும்தான் நினைவில் வைத்திருக்கிறோம், அந்த வாரம் அதுதான் சென்னைக்கு விமான வாசல். ராத்திரி பத்து மணி ஸ்கூட்டர் என்பது அதுதான். கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் இல்லை, 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகருக்குப் படையை ஏற்றிக்கொண்டு போன டகோட்டாக்களில் தனியார் விமானக் கம்பெனிகளுடையவையும் இருந்தன.

இந்த ஆசையை மாமாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். "வீட்டுக்காரன் வந்தா வேலியும் வரும்" என்பார். 1903-ல் வெள்ளைக்காரன் போட்ட பாதுகாப்புப் பணிகள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, தளத்துச் சுவரிலிருந்து 100 மீட்டருக்கு, சில இடங்களில் 900 மீட்டருக்கு, கட்டடம் கட்டத் தடை. லோகேகாவ் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பருப்புக் கடைக்காரர் மாடி எழுப்ப முடியாமல் இருபது வருடமாகக் கம்பியை மட்டும் நீட்டி வைத்திருக்கிறார், துணி காயப்போட உதவுகிறது. சத்தம் வேறு. காமலாபுரத்தில் ஃபைட்டர் கிளம்பக் கூடுதல் உந்துதலுக்கு ஆஃப்டர்பர்னர் போட்டால் ஓமலூர் சந்தையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்று மாமா சத்தியம் செய்கிறார். இருக்கலாம். ஆனாலும் நான் வியாபாரி, பூட்டின சொந்த வீட்டைவிடத் தண்ணீர் வருகிற வாடகை வீடு மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனதே இல்லை. தெளிவான நாளில் ஏற்காட்டு மலை விளிம்பில் லேடீஸ் சீட்டில் நின்று ஓமலூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே சண்டை போடுவோம். ஏடிஆர் வரும்போது நம் காலுக்குக் கீழே பறக்கும், முதுகைப் பார்க்கலாம், பருந்து இறங்குகிற மாதிரி. அப்போது மட்டும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம்.

2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களைப் பயணிகளுக்கு மூடினார்கள். அதில் பல இப்படிப்பட்ட கூட்டுக் குடித்தனங்கள். மே 12-ம் தேதி திறந்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் புது உத்தரவு, பாதுகாப்புத் துறைத் தளங்களில் இறங்கும்போதும் ஏறும்போதும் 10,000 அடிக்குக் கீழே ஜன்னல் மறைப்பை இறக்கிவிட வேண்டும், அவசர வழி ஜன்னல்கள் மட்டும் விதிவிலக்கு. ஜூன் மாதம் ஆஷாட ஏகாதசிக்கு முன்னால் நான் புனே போனேன். இருபது வருடம் வேடிக்கை பார்த்த என் குடோன்களை முதல் தடவையாகப் பார்க்காமல் இறங்கினேன். எல்லா ஜன்னலும் மூடி, உள்ளே மங்கல் வெளிச்சத்தில், சினிமாக் கொட்டகையில் படம் போடாமல் உட்கார வைத்த மாதிரி இருந்தது. அவசர வழி வரிசையில் ஒரு பையன் மட்டும் திறந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது இன்னும் மோசம். கிளம்பத் தயாராக ஓடுபாதை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் மூடியிருக்கிறது. திடீரென்று சத்தம். சத்தம் என்று எழுதினால் போதாது, சீட்டு வழியாக ஏறி விலா எலும்பில் இறங்கியது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பக்கத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நிசப்தம், ஐந்து நிமிடம் கழித்து நாங்கள் கிளம்பினோம்.

சேலம் வந்து சேர்ந்த மறுநாள் மாமாவுக்கு போன் செய்தேன். ஜன்னல் மூடச் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தன போச்சு?"

"மூணு மாமா."

"மூணு போகாதே. ரெண்டு போகும், நாலு போகும்."

"மூணுதான் மாமா. மூணு தடவ வயிறு கலங்குச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. நாய் குரைப்பது கேட்டது. "அப்ப நாலாவது நின்னுருச்சு. கெளம்புறப்ப ஏதோ கோளாறு காட்டியிருக்கும்" என்றார். அப்புறம் மிளகு விலை கேட்டார், மழை பற்றிக் கேட்டார், வைத்துவிட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தையின் போனிலிருந்து அழைப்பு. அத்தைதான் என்று எடுத்தேன். மாமா.

"மாப்ள, நல்லா எண்ணுனியா?"